ஒட்டுக்குரல்

1979ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் கலாநிதி காமில் அப்புத்தளைக்கு வந்தார். அவரை அழைத்துவரப் புகையிரத நிலையத்திற்குச் சென்ற மஹ்ரூப் ஆசிரியரின் கண்ணில் முதலில் பட்டது, நண்பருடைய தோற்பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு. தட்டச்சில் அடிக்கப்பட்ட அப்பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்னும் ஆய்வுப் பட்டம் இருந்தது.

இருவரும் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் பதுளையில் ஒரே விடுதி அறையில் தங்கி, ஒரே விலங்கியல் நூலை மாறி மாறிப் படித்தவர்கள். இறுதித் தேர்வில் காமிலுக்கு இரண்டு புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்தன. அவ்விரண்டு புள்ளிகள் அவரைப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்றன. மஹ்ரூப் ஆசிரிய கலாசாலைக்குச் சென்றார். அப்புத்தளையில் விஞ்ஞான ஆசிரியராக நன்மதிப்புப் பெற்றார். மணம் முடித்து இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தந்தையானார். ஆயினும் காமிலிடமிருந்து கடிதம் வரும் நாளெல்லாம் அவருக்கு மதிய உணவு செரிப்பதில்லை.

“மச்சான், உனக்கு வயிறு வச்சிட்டுதே!” என்று காமில் கட்டித் தழுவினார்.

“உன்ட தலையில முடி போன அளவுக்கு இல்ல,” என்றார் மஹ்ரூப்.

காமில் வாய்விட்டுச் சிரித்தார். மஹ்ரூப் அதனைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

காமில் வந்ததற்குக் காரணம் வௌவால்கள். மஹ்ரூபின் வீடு நகரத்தின் கீழ்க்கோடியில் இருந்தது. பின்வேலிக்கு அப்பால் தேயிலைத் தோட்டம் தொடங்கிவிடும். வேலியோரத்தில், தோட்டத்தார் நாற்றுமேடைக்கெனக் கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. நாற்றுமேடை கைவிடப்பட்ட பின்னர் மழைநீரும் சிறு தவளைகளும் அதனை நிரப்பிக்கொண்டன. சரிவில் சற்றுக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம். அதன் கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பம் கடவுச்சீட்டுக் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறியது முதல் அந்த அறை பூட்டியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீரை கொண்டுவரும் நல்லம்மா என்ற தோட்டப் பெண், ஒருநாள் மஹ்ரூபின் மனைவி முஹ்ஸினாவிடம் அந்தக் காம்பராவைப் பற்றிச் சொன்னாள்.

“ஓடு ஒடஞ்சி கெடக்குதுன்னு உள்ள போயி பாத்தேங்கம்மா. கூரையில வௌவாலு. தரையெல்லாம் தவளைக் காலு! பழந்திங்கிற வௌவாலத்தான் நா பாத்திருக்கேன். இது கறி திங்குதுங்க. எங்க வூட்டுக்காரரே மாசத்துல ஒருநாத்தான் கறி திங்குறாரு!”

முஹ்ஸினா அதைக் கணவரிடம் கூறினாள். அவர் சென்று பார்த்தார். பெருங்காதுகளை உடைய அவ்வௌவால்கள் ஒவ்வொரு மாலையும் தொட்டிக்கு வந்து, கத்திக்கொண்டிருக்கும் ஆண் தவளைகளைக் கவ்விச் செல்வதை அவதானித்தார். கத்தும் தவளைகளிலும் அவை சிலவற்றையே தெரிந்தெடுப்பதாக அவருக்குத் தோன்றியது. உடனே காமிலுக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினார். அதில் நல்லம்மாவின் பெயரும் இல்லை. முஹ்ஸினாவின் பெயரும் இல்லை.

வந்த அன்றே காமில் ஓர் உறுதிமொழி அளித்தார்.

“உன்ட தொட்டி, உன்ட வௌவால். ஏன் சிலதுக்கு மட்டும் போகுது எண்டதுக்குக் காரணத்தக் கண்டுபிடிக்கிறவர்ட பேரு கட்டுரையில முதல்ல வரும். நான் ரெண்டாவது. சம்மதமா?”

மஹ்ரூப் தலையசைத்தார். அச்சில், காமிலின் பெயருக்கு மேலே தம்முடைய பெயர்! பதினாறு ஆண்டுகளாக அவர் வேறெதையும் இவ்வளவு விரும்பியதில்லை.

தொட்டித் தவளையின் குரல் இருவகைப்பட்டது. தனித்திருக்கும் ஆண் தவளை ‘ட்ரூ...ம்’ என்று நீட்டி ஒலிக்கும். இதற்கு மஹ்ரூப் வெறுங்குரல் என்று பெயரிட்டார். பக்கத்தில் மற்றோர் ஆண் ஒலிக்கத் தொடங்கினால், முதலாவது தவளை அந்த நீட்டலின் முடிவில் ‘டக், டக்’ என இரண்டு சிறு ஒலிகளை ஒட்டிவிடும். அது ஒட்டுக்குரல். பெண் தவளைகள் ஒட்டுக்குரலை நோக்கியே நீந்திச் சென்றன.

காமிலிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. இன்னொன்றைக் கடைவீதி மர்ஸூக் கொடுத்து உதவினார். அவருடைய தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. இரண்டையும் இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிகளின் திறந்த வாயை மெல்லிய துணியால் மூடி, தொட்டிக்கு இருபுறமும் பதினைந்து கஜ இடைவெளியில் நிறுத்தினார்கள். ஒன்றில் வெறுங்குரல், மற்றதில் ஒட்டுக்குரல். அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்ததும் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் விளக்கோடு வேலியருகே குந்தியிருந்து, இரவுநேர இஷாத் தொழுகைக்கு முன்னர் எழுந்துவிடுவார்கள்.

வௌவால் வந்த விதம் மஹ்ரூபுக்கு வியப்பளித்தது. அது காய்ந்த இலை காற்றில் இறங்குவதுபோலத் தாழ்ந்து வந்தது. சிறகோசை சிறிதும் இல்லை. பெட்டியின் பலகையில் இறங்கி, காதுகளை நிமிர்த்தி, பின்னர் முகத்தைத் துணியில் அழுத்தியது. நான்கு மாலைகளில் இருபத்தொரு தடவை வௌவால்கள் இறங்கின. அவற்றுள் பதினேழு ஒட்டுக்குரற் பெட்டியில்.

ஐந்தாம் நாள் காலை, கூடத்தில் அமர்ந்து இருவரும் அதுபற்றிப் பேசினார்கள். பிள்ளைகள் விடுமுறைக்குப் பதுளைக்குச் சென்றிருந்தமையால் வீடு அமைதியாக இருந்தது. கூடத்திற்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பூத்துணித் திரை தொங்கியது. முஹ்ஸினா அதற்கு அப்பால் இருந்தாள்.

“நான் தவளைகளைப் பிடிச்சு அளந்திருக்கிறன்,” என்றார் மஹ்ரூப். “ஒட்டு கூடப் போடுறதெல்லாம் பெரிய தவளை. வௌவாலுக்கு எறச்சி கூடக் கிடைக்கும். அதுதான் காரணம்.”

“இருக்கலாம்,” என்றார் காமில். மாணவன் அரைகுறையாகச் சரியான விடை சொல்லும்போது மஹ்ரூப் வகுப்பில் பயன்படுத்தும் அதே ‘இருக்கலாம்’ அது.

“நானா, நான் ஒண்டு சொல்லட்டா?” என்று காமிலை அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

“தேத்தண்ணிய முதல்ல அனுப்பு,” என்றார் மஹ்ரூப்.

திரைக்கு அடியால் தட்டு வந்தது. குரலும் கூடவே வந்தது.

“எறச்சிக்காக இல்ல நானா. எங்க இரிக்கி எண்டு தெரியிறதாலதான் போகுது. இந்தப் பனிக்குள்ள எங்கட ரோட்டுல மீன்காரன் வாறான். ‘மீஈஈன்’ எண்டு நீட்டி இழுக்கிறான். சத்தம் முன்னாலயும் இரிக்கி, பின்னாலயும் இரிக்கி. நான் சட்டியோட முன்கதவத் துறந்தா அவன் பின்ரோட்டால போயிட்டிருப்பான். அப்பிடி எத்தன நாள் பருப்பு ஆக்கினேன் எண்டு இவர்ட கேளுங்க. ஆனா மண்ணெண்ணெய்க்காரன் வாயே துறக்க மாட்டான். பீப்பாய்ல இரும்பால டங், டங் எண்டு ரெண்டு தட்டு. அவ்வளவுதான். மர்ஸூக் நானாட கடைக்கிட்ட நிக்கிறானா, பள்ளி மூலையில நிக்கிறானா எண்டு இங்க இருந்தே சொல்லுவேன். ஒருநாளும் பிழைச்சதில்ல.”

“அப்ப வௌவாலுக்கு வேண்டியது மண்ணெண்ணெய்தானா?” என்றார் மஹ்ரூப்.

காமில் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார்.

“தங்கச்சி, அத இன்னொருக்கா சொல்லுங்க.”

அவள் மீண்டும் சொன்னாள். அவர் குறிப்பேட்டில் எழுதினார்.

“அதேதான், மச்சான்! நீட்டுச் சத்தத்துக்குத் தொடக்கமும் இல்ல, முடிவும் இல்ல. தட்டுச் சத்தம் ஒரே வெட்டா வருது. வலக் காதுக்கு முந்தியா, இடக் காதுக்கு முந்தியா எண்டு பிடிச்சிரலாம். இருட்டுல வேட்டையாடுறதுக்கு ருசிய விட இடம்தான முக்கியம்!”

“பெட்டைத் தவளைக்கும் அதுதான நானா?” என்று முஹ்ஸினா கேட்டாள். உற்சாகத்தில் அவளுடைய குரல் சற்று உயர்ந்திருந்தது. “ஆண் தவளைதான் பாவம். தனிய இருக்கக்குள்ள ஒழுங்காக் கத்துது. பக்கத்துல இன்னொண்டு வந்து கத்தினா, பொறுக்கேலாம ஒட்டுப் போட்டு மாட்டிக்கொள்ளுது.”

காமில் தொடையில் தட்டிச் சிரித்தார். மஹ்ரூப் தேநீரைக் குடித்தார். அவள் தவளைகளைப் பற்றி மட்டுமே பேசினாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் காதுமடல்கள் சுட்டன. பதினொரு ஆண்டு இல்லற வாழ்வில் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து இப்படி ஒரு குரல் எழுந்து அவர் கேட்டதில்லை. அதை எழுப்பியவன் காமில். கேட்டு மகிழ்ந்தவனும் காமில். விலங்கியலில் இரண்டு புள்ளி, ‘கலாநிதி’ப் பட்டம், இப்போது இதுவுமா?

அன்று நண்பகல் அவர் குசினிக்குள் சென்றார்.

“அவனுக்கு முன்னால என்ன பெரிய கத?”

“நீங்களும்தான இருந்தீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன்.”

“எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே! போன கிழம சொன்னேன். நீங்க பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கொண்டு ‘ம்’ எண்டீங்க.”

“நான் ‘ம்’ எண்டா கேக்கிறன் எண்டு அர்த்தம்.”

“அப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்பம்?”

அவர் பலகையில் கிடந்த வெங்காயத் தோலை விரலால் ஒதுக்கினார். அவள் வெங்காயம் நறுக்குவதைத் தொடர்ந்தாள். அவளுடைய உதட்டோரத்தில் தெரிந்த சிறு சிரிப்பு அவருக்கு உறுத்தியது.

அவளுடைய கருத்தை முறிப்பதற்கு ஒரு வழி வேண்டும். அன்றைய பொழுது முழுவதும் அவர் அதையே சிந்தித்தார். பொறாமை அவருடைய அறிவை மழுக்கவில்லை. சாணைக்கல்லில் பிடித்ததுபோலக் கூராக்கியது. மறுநாள் விடியற்காலை, பாங்கு சொல்வதற்கு முன்னரே அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

“காமில், வௌவாலுக்கு இடம் தெரிஞ்சாப் போதும் எண்டா, ஒட்டு தவளையிட தொண்டையிலருந்துதான் வரணும் எண்டு இல்ல. வெறுங்குரலுக்குப் பின்னால நான் ஒரு டின்னில ரெண்டு தட்டுத் தட்டுறன். டின்னுக்கு எறச்சி இல்ல. அதுக்கும் வௌவால் வந்தா அவ சொன்னது சரி. வராது. பார்.”

காமில் எழுந்து நின்றுவிட்டார். “மச்சான், இத விடத் திறமான சோதனைய என்னால யோசிக்கேலாது!”

அந்தப் பாராட்டு மஹ்ரூபைக் குளிர்வித்தது. ஆனால் காமில் உடனே திரையின் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா தங்கச்சி, உங்கட கதைக்குச் சோதனை வருது!” என்றபோது அக்குளிர்ச்சி அகன்றது.

காமில் அன்று பண்டாரவளையில் இருக்கும் தம் தங்கை ஜெனீராவின் வீட்டிற்குச் செல்ல வேண்டியிருந்தது. இரண்டு மாலைகள் மஹ்ரூப் தனியாகச் சோதனையை நடத்துவது என்றும், மூன்றாம் நாள் காலை காமில் பஸ்ஸில் வந்து, குறிப்பேட்டையும் தம் பொருள்களையும் எடுத்துக்கொண்டு புகையிரதம் ஏறுவது என்றும் முடிவாயிற்று.

ஒலிப்பதிவு குசினித் தரையில் நடந்தது. ஒரு கருவி வெறுங்குரலை ஒலிக்க, மற்றது பதிவுசெய்தது. மஹ்ரூப் வெற்றுப் பால்மா டின்னில் ஐம்பது சத நாணயத்தால் தட்டினார். முஹ்ஸினா உச்சுக் கொட்டினாள்.

“பிந்திட்டீங்க. தவளை ‘ம்’ முடிய முந்தியே போடுது.”

“தவளைக்கு நீயா வகுப்பெடுத்தாய்?”

“ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரொட்டி சுடக்குள்ள கேக்கிறேனே. இன்னொருக்காத் தட்டுங்க. நான் தலைய ஆட்டுறேன்.”

அவள் தலையசைத்த கணத்தில் அவர் தட்டினார். பதிவைப் போட்டுக் கேட்டபோது அது தவளையின் குரலைப் போலவே இயல்பாகப் பொருந்தியிருந்தது. அவர் நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதல் மாலை தூறலும் குளிருமாக இருந்தது. குசினியின் பலகைச் சன்னல் குளிருக்காக அடைத்துத் தாழிடப்பட்டிருந்தது. மஹ்ரூப் வேலியோரத்தில் தனியாகக் குந்தியிருந்தார். சற்று நேரத்தில் முதலாவது வௌவால் வந்து, டின் தட்டும் பெட்டியில் நேராக இறங்கியது. இரண்டாவதும் அதற்கே வந்தது. மூன்றாவது வெறுங்குரற் பெட்டிக்குமேல் இருமுறை வட்டமிட்டு, இடம் பிடிபடாததுபோல் அலைந்து, பின்னர் அங்கு இறங்கியது. மஹ்ரூபின் நெஞ்சு துள்ளியது. அதற்குப் பின் வந்த ஆறும் டின்னை நாடியே வந்தன. எட்டுக்கு ஒன்று.

டின் தட்டும் பெட்டி லயத்துப் பக்கமாக இருந்ததால் அவ்வாறு நேர்ந்திருக்கலாம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இரண்டாம் மாலை பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார். அன்று எட்டு வௌவால்கள் இறங்கின. ஆறு டின்னுக்கு; இரண்டு வெறுங்குரலுக்கு.

ஆக, டின்னுக்குப் பதினான்கு. வெறுங்குரலுக்கு மூன்று.

அவருடைய சோதனை குற்றமற்றது. காமிலே அப்படிச் சொல்லியிருந்தார். அக்குற்றமற்ற சோதனை அவருடைய கருத்தை முறித்து, அடுப்பருகே ரொட்டி தட்டும் ஒருத்தியின் கருத்தை நிலைநாட்டிவிட்டது. காமிலின் கட்டுரையில் அவருடைய பெயர் முதலில் வராது. காமில் அவளைப் புகழ்வான். திரைப்பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு புகழ்வான்.

மஹ்ரூப் குறிப்பேட்டைத் திறந்தார். டோர்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில், திருத்தமான கையெழுத்தில் எழுதினார்: வெறுங்குரல், 14. தட்டுக்குரல், 3. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய கை அது.

வீட்டிற்குள் நுழைந்தபோது முஹ்ஸினா ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாளும் சேத்து எத்தன?”

“பதினேழு.”

“தட்டுச் சத்தத்துக்கு?”

“மூண்டு.”

அவளுடைய கை நின்றது. “மூண்டா?”

“மூண்டுதான். நான் சொன்னேனே, டின்னுக்கு எறச்சி இல்ல எண்டு.”

அவள் அவரைப் பார்த்தாள். ரொட்டியின் ஒரு பக்கம் கருகத் தொடங்கியது. அதைத் தனக்கென ஒதுக்கி வைத்துவிட்டு, நல்லதாக ஒன்றை அவருடைய தட்டில் இட்டாள். மறுகேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்து அவர் நான்கைந்து விடைகளை ஆயத்தமாக வைத்திருந்தார். அவள் சம்பல் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னரே காமில் வந்துவிட்டார். உட்காராமலே குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். நெற்றி சுருங்கியது.

“அட! அப்ப நீ சொன்னதுதானா சரி?”

“நான் என்ன செய்ய? வௌவால் சொல்லுது,” என்றார் மஹ்ரூப்.

“நான் தங்கச்சிட பக்கம்தான் சாஞ்சிருந்தன்.” காமில் திரையை நோக்கிக் குரல் கொடுத்தார். “தங்கச்சி, உங்கட மண்ணெண்ணெய்க்காரன் ஏமாத்திட்டான் போல!”

திரைக்குப் பின்னால் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. மஹ்ரூப் திரையின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் நானா,” என்றாள் முஹ்ஸினா. “குசினிக்குள்ள இருக்கிற எனக்கு என்ன விளங்கும்? இவருதான மழைக்குள்ள இருந்து எண்ணினார்.”

காமில் மஹ்ரூபின் கையைப் பற்றிக் குலுக்கினார். “வாழ்த்துக்கள் மச்சான். சொன்ன சொல் மாற மாட்டன். உன்ட பேருதான் முதல்ல.”

மஹ்ரூப் தண்ணீர் குடிக்கும் சாக்கில் குசினிக்குள் சென்றார்.

“ஏன் அவனுக்கு அப்பிடிச் சொன்னாய்?” என்று தாழ்ந்த குரலில் வினவினார்.

“வேற என்ன சொல்ல?” அவளும் தாழ்ந்த குரலிலேயே பேசினாள். “பலகையில வௌவால் குந்தினா டப் எண்டு கேக்குது. சன்னல் பூட்டியிருந்தாலும் எந்தப் பெட்டி எண்டு எனக்குத் தெரியும். பெட்டிய மாத்தி வச்சதும் தெரியும். அதுக்காக நானாக்கு முன்னால உங்களப் பொய்யனாக்கச் சொல்லுறீங்களா?”

மஹ்ரூப் இரண்டு மாலைகளும் தாம் தனித்திருந்ததாகவே நம்பியிருந்தார். அடைத்த சன்னலுக்குப் பின்னால் இருப்பவளுக்கு எதுவும் தெரியாது என்று எண்ணியது எவ்வளவு பெரிய மடமை! மீன்காரனையும் மண்ணெண்ணெய்க்காரனையும் பதினொரு ஆண்டுகளாகப் பார்க்காமலே அறிந்துவந்த காது அல்லவா அது?

“உங்கட பேரு முதல்ல வரட்டும்,” என்றாள் அவள். “உங்களுக்கு அது வேணும். எனக்கு வேணாம்.”

அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கமும் வந்தது. எனினும் அதற்கு முன்னர் வந்தது வேறு. தம்மால் விட முடியாத ஒன்றை அவள் எவ்வளவு எளிதாக விட்டுவிட்டாள்! கருத்திலும் அவளே வென்றாள், எண்ணிக்கையிலும் வென்றாள், இப்போது பெருந்தன்மையிலும் வென்றுவிட்டாள். அந்த மூன்றாவது வெற்றியே அவரை மிகுதியாக எரித்தது.

நண்பர்கள் இருவரும் பனிமூட்டத்தினூடே புகையிரத நிலையத்திற்கு நடந்தார்கள். வண்டி கால் மணிநேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். மேடையில் தோற்பெட்டியின்மேல் அமர்ந்து, காமில் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் ஒண்டு செய்யப் போறன், மச்சான். தங்கச்சிக்கு ஒரு கடிதம் எழுதுவன்.”

“ஆருக்கு?”

“முஹ்ஸினாக்கு. பாவம், அவட குரலே உள்ளுக்குப் போயிட்டுது. கத பிழைச்சாலும் அந்த யோசனை சாதாரணமானதில்ல எண்டு அவவுக்குச் சொல்லணும். ரெண்டு புத்தகமும் அனுப்புறன். தமிழ்லயே இருக்குது. வாசிச்சிட்டுக் கேள்வி இருந்தா எனக்கு எழுதட்டும்.”

மஹ்ரூபின் மனக்கண்ணில் யாவும் விரைந்து தோன்றின. தபாற்காரன் வாசலில் நிற்கிறான். கையில் தட்டச்சில் அடித்த உறை. அதில் முஹ்ஸினாவின் பெயர். மர்ஸூக்கின் கடைப்படியில் நிற்பவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அவள் திரைக்குப் பின்னால் அமர்ந்து அதைப் படிக்கிறாள், ஆறுதலடைகிறாள், மறுமொழி எழுதுகிறாள். மாதத்திற்கு ஒன்று. ஒருவேளை இரண்டு.

“கடிதம் வேணாம்,” என்றார்.

“ஏன்டா?”

“பிழை விட்டவளுக்குத்தான ஆறுதல் வேணும்? அவ பிழை விடல்ல. அந்தக் கொப்பியத் தா.”

குறிப்பேட்டைப் பறித்து, பேனாவைத் திறந்து, இரண்டு எண்களையும் அடித்தார். வெறுங்குரலுக்கு எதிரே மூன்று என்றும், தட்டுக்குரலுக்கு எதிரே பதினான்கு என்றும் எழுதினார். திருத்திய இடத்தில் கையொப்பமும் இட்டார். விடைத்தாள்களில் செய்து பழகிய வழக்கம்.

காமில் அந்தப் பக்கத்தையும் நண்பரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி வரும் ஓசை பனிக்குள் எங்கிருந்தோ கேட்டது.

“எண்ணினது பிழைச்சிட்டுதா?”

“எண்ணினது சரி. எழுதினதுதான் பிழை.”

“தெரிஞ்சா எழுதினாய்?”

“தெரிஞ்சுதான்.”

காமில் குறிப்பேட்டை வாங்கி மூடினார். பின்னர், “இத நீ சொல்லாட்டி நான் இத அச்சிலயும் போட்டிருப்பன், மச்சான்,” என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம் மிகுந்திருந்தது. மஹ்ரூப் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்.

வண்டி வந்து நின்றது. காமில் ஏறி, சன்னலோரம் அமர்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

“அப்ப முதல் பேரு?”

மஹ்ரூப் சன்னலருகே வந்தார். “திருமதி மஹ்ரூப் எண்டு போடு.”

“திருமதி மஹ்ரூப், காமில், மஹ்ரூப். வாசிக்கிறவன் குழம்பிருவானே. சோதனைய அமைச்சவன் நீ, உன்ட பேரும் இருக்கத்தான் வேணும். அவவுக்குச் சொந்தப் பேரு இல்லையா?”

வண்டிக் காப்பாளர் பச்சைக் கொடியை விரித்தார். மஹ்ரூபுக்கு ஒரு சொல் பேசுவது மலையேறுவதுபோல் இருந்தது.

“சரி. முஹ்ஸினா எண்டே போடு.”

“நல்லது!” வண்டி நகர்ந்தது. காமிலின் முகத்தில் பழைய சிரிப்பு மீண்டுவிட்டது. “அப்ப கட்டாயம் கடிதம் எழுதத்தான் வேணும், மச்சான்! வாழ்த்துக் கடிதம்! புத்தகம் ரெண்டில்ல, நாலு அனுப்புறன்!”

மஹ்ரூப் கையை உயர்த்தினார். அது விடைகொடுப்பதற்காகவா, தடுப்பதற்காகவா என்பதை அவரே அறியார். வண்டி பனிக்குள் மறைந்தது.

வீடு திரும்பியபோது முஹ்ஸினா பின்முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கழுவிய கோப்பை ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

“மாத்தி எழுதிக் குடுத்திட்டேன்,” என்றார் இறுதியில். “உன்ட பேருதான் முதல்ல வரும்.”

அவள் நிமிர்ந்தாள். ஈரக் கையால் முக்காட்டைச் சரிசெய்தாள். கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. வேண்டாம் என்று காலையில் அவள் கூறியது எவ்வளவு பெரிய பொய் என்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

“நானா என்ன சொன்னாங்க?”

நானா என்ன சொன்னார் என்பதுதானா முதற் கேள்வி! மஹ்ரூப் பல்லைக் கடித்துக்கொண்டார். “சந்தோசப்பட்டான். பதினாலு எண்டு எழுதியிருக்கு.”

“பதினாலா?”

“ஓம். எட்டும் ஆறும்.”

“பதினஞ்சுங்க. முதல்நாள் நீங்க மூண்டு தரம் தும்மினீங்களே, அந்த நேரத்துல ஒண்டு டின் பெட்டியில குந்திட்டுப் போச்சு. நீங்க காணல்ல போல.”

அவர் தும்மியது உண்மை. முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மியதும் உண்மை.

அவர் விறுவிறுவென்று கூடத்திற்குள் சென்றார். தாளும் பேனாவும் எடுத்து மேசையருகே அமர்ந்து, ‘அன்புள்ள காமில்’ என்று தொடங்கினார். தபாலகத்தில் காலைத் தபாற்பையைக் கட்டுவதற்கு இன்னும் அரை மணிநேரம் இருந்தது. பதினைந்தாவது வௌவாலைப் பற்றிக் காமில் எப்படியும் அறியத்தான் வேண்டும். ஆனால் முஹ்ஸினா எழுதப்போகும் மறுமொழியிலிருந்து அவன் அதை அறிந்துகொள்வதற்கு முன்னர், தம்முடைய கடிதத்திலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். அதுவே அவருடைய அவசரம்.